காணாமல் போகாத அறுபது புத்தகங்கள்

ஆம்புரோஸுக்கு இரண்டு உத்தியோகங்கள். ஒன்று, மலேசியாவில், ஈப்போவை அடுத்த லகாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. அது சோறு போட்டது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றது, பேராக் மாநில நூலகப் பயன்பாட்டுப் போதனையாளர் சங்கத்தின் கௌரவச் செயலாளர் பதவி. அதற்குச் சம்பளம் கிடையாது, அறை கிடையாது, நாற்காலியும் கிடையாது. ஒரு ரப்பர் சாப்பு மட்டும் உண்டு. சங்கத்தின் பெயர் நீளம் என்பதால் சாப்பு செய்தவன் எழுத்தைப் பொடியாக்கி இரண்டு சுற்று சுற்றிவிட்டான். மையில் தோய்த்துக் குத்தினால் காகிதத்தில் ஒரு கறுப்பு வடைதான் விழும். அந்த வடையைப் பதினோரு வருஷமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஆம்புரோஸ் திரிந்தார். அரண்மனை முத்திரையை வைத்திருப்பவர்கூட அத்தனை ஜாக்கிரதையாக இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

சங்கத்தின் நோக்கம் உயர்ந்தது. புத்தகம் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பள்ளிக்கூடத்தின் வேலை. அந்தப் புத்தகம் நூலகத்தில் எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எந்த நம்பரில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பது சங்கத்தின் வேலை. இந்தப் பொறுப்பை ஏழு உறுப்பினர்கள் சுமந்தார்கள். பதவிகள் எட்டு இருந்தன. ஆகவே தலைவர் ஜெயபாலனே வரவேற்புக் குழுத் தலைவராகவும் இருந்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் எழுந்து, "நம் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களை வருக வருக என வரவேற்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்காருவார். பிறகு மறுபடி எழுந்து வரவேற்புக்கு நன்றி சொல்வார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்; எழுந்து உட்காருவதில் அவருக்குச் சலிப்பே வந்ததில்லை.

1979 ஜனவரியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், ஐந்து பேர் முன்னிலையில், ஆம்புரோஸ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்.

"தலைவர் அவர்களே, பதினோரு வருஷமா நாம யாருக்குப் போதிச்சோம்? ஏற்கெனவே நூலகத்துக்குப் போறவங்களுக்கு. வழி தெரிஞ்சவனுக்கே வழி காட்டிக்கிட்டிருக்கோம். இந்த வருஷம் தோட்டத்துக்குப் போலாம்."

"தோட்டத்துல நூலகம் இல்லையே, செயலாளரே."

"அதனாலதான் போகணும்லா. இருந்திருந்தா அவங்களே கத்துக்கிட்டிருப்பாங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சுங்கை சிப்புட்டை அடுத்த எட்டாங்கட்டை ரப்பர் தோட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆம்புரோஸ் பிறந்தது அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் என்பது தற்செயல் என்று கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் ஆம்புரோஸ்.

அடுத்து, போதித்து முடித்தபின் இந்த மக்கள் போவதற்கு ஒரு நிஜ நூலகம் வேண்டுமே. ஈப்போவில் கிந்தா வாசகர் நூலகம் என்று ஒன்று இருந்தது. அதன் நூலகர் மிஸ் இசபெல்லா. அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் குரல் தாழத் தாழ எதிரில் நிற்பவருக்கு வேர்க்கும்.

"தோட்டத்து ஆளுங்களுக்குப் புத்தகம் எடுக்க டிக்கெட் குடுக்கலாம், மிஸ்டர் ஆம்புரோஸ்," என்றார் அவர். "ஆனா ஒவ்வொரு ஆளுக்கும் ஈப்போவுல ஒரு ஜாமீன் வேணும்."

"சங்கம் ஜாமீன், மிஸ்."

மிஸ் இசபெல்லா, ஆம்புரோஸ் நீட்டிய கடிதத்தின் அடியில் இருந்த கறுப்பு வடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. அவங்க முறையா தேடி, முறையா எடுத்து, முறையா திருப்பணும். ஒரு புத்தகம் காணாமப் போனாலும் அத்தனை டிக்கெட்டும் ரத்து."

"பயிற்சிக்கு ஒரு கார்டுப் பெட்டி இரவல் கிடைக்குமா, மிஸ்?"

"கார்டு இந்தக் கட்டடத்த விட்டு வெளிய போகாது."

ஆகவே சங்கம் தன் கார்டுகளைத் தானே தயாரித்துக்கொண்டது. பிற்காலச் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு வரியிலிருந்து கிளம்புகிறது.

நூலகக் கார்டு என்பது உள்ளங்கை அகலக் கெட்டித் தாள். புத்தகத்தின் பெயர், எழுதியவர், பக்கம், அலமாரி நம்பர் எல்லாம் அதில் இருக்கும். சங்கத்தின் உறுப்பினர் பியாட்ரிஸ் கார்டு எழுதுவதில் கைதேர்ந்தவள். அவள் எழுத்து அச்சைவிட அழகு. கிந்தா வாசகர் நூலகத்திலேயே தமிழ்க் கார்டு எழுதும் வேலையைப் பகுதி நேரமாகச் செய்துவந்தாள். எழுத ஆள் இருந்தது; எழுதப் புத்தகம்தான் வேண்டும்.

ஆம்புரோஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டாங்கட்டைக்குப் போய், பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் நாற்பத்து மூன்று பேரைக் கூட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுக்கு எதப் பத்தித் தெரிஞ்சிக்கணும்னு ஆசை?"

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் யாரும் வாய் மூடவில்லை. மழை வருமா வராதா என்று விடிவதற்குள் கண்டுபிடிப்பது எப்படி? எந்தப் பாம்பு கடிக்கும், எது சும்மா போகும்? தலையில் தட்டினால் மட்டும் ரேடியோ ஏன் பாடுகிறது? மாயாண்டி என்ற பால்மரக்காரர் எழுந்து, "பொண்டாட்டி கொறட்டைக்கு ஏதாச்சும் புத்தகம் இருக்கா, தம்பி?" என்றார். பின்னாலிருந்து அவர் மனைவி, "முதல்ல இவரு கொறட்டைக்குக் கேளுங்க, அந்தப் புத்தகம் தடியா இருக்கும்," என்றாள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கருப்பம்மாள் கடைசியாகக் கேட்டாள். வயது ஐம்பது, முப்பது வருஷமாகக் கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, வெட்டிப் பால் எடுப்பவள், மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். "தம்பி, என் செவலப் பசு போன தீபாவளியிலேருந்து காணோம். தொலஞ்ச மாட்டக் கண்டுபுடிக்க வழி சொல்ற புத்தகம் இருக்கா?"

கொட்டகையே, "ஆமாலா, அதுதான் வேணும்," என்றது. அந்தத் தோட்டத்தில் மாடு தொலைக்காத குடும்பம் கிடையாது.

ஆம்புரோஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஒவ்வோர் ஆசைக்கும் ஒரு புத்தகத் தலைப்பு வைத்தார், முறையான நம்பர் கொடுத்தார், பியாட்ரிஸ் அழகாக எழுதினாள். அறுபது கார்டுகள். "தோட்டத்துப் பாம்புகள்: கடிப்பவையும் கடிக்காதவையும்." "குறட்டை: காரணமும் நிவாரணமும்." "மேனேஜருக்கு மரியாதையாகவும் உறைக்கும்படியும் கடிதம் எழுதும் கலை." இவற்றுக்கெல்லாம் மேலாக, நம்பர் 636.2, "தொலைந்த மாட்டைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறைகள்." எழுதியவர் யார் என்று பியாட்ரிஸ் கேட்டபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "நிபுணர் குழுன்னு போடு," என்றார் ஆம்புரோஸ். பக்கம்? "நூத்திப் பன்னண்டு. படங்களுடன்னும் போடு, கேக்கறதுக்கு நல்லா இருக்கும்."

இவை பயிற்சிக் கார்டுகள்தானே. இந்தப் புத்தகங்கள் உலகில் இல்லையே என்று தலைவர் ஜெயபாலன் கவலைப்பட்டார். தீயணைப்புப் பயிற்சிக்கு நிஜமாகவா தீ வைக்கிறார்கள் என்று ஆம்புரோஸ் கேட்டார். தலைவர் உட்கார்ந்தார்.

மார்ச்சிலிருந்து மே வரை ஞாயிறுதோறும் வகுப்பு. இங்கேதான் சங்கத்துக்கு முதல் அதிர்ச்சி. ஈப்போவில் கல்லூரி மாணவர்களுக்கே மூன்று வாரம் பிடிக்கும் பாடத்தை எட்டாங்கட்டைக்காரர்கள் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

"இதுல என்ன தம்பி இருக்கு?" என்றாள் கருப்பம்மாள். "காலையில பேரு கூப்பிடற பெரட்டுல என் பேரு, என் நம்பர், எந்தக் காடு, எந்த நெரைன்னு புத்தகத்துல போட்டிருக்கான்ல? அந்த நெரைக்குப் போனா நான் நிப்பேன். அது மாதிரிதானே? இந்தக் கார்டுதான் பெரட்டுப் புத்தகம். அலமாரிதான் காடு. புத்தகம் அதோட நெரையில நிக்குது."

ஆம்புரோஸ் இதைக் கேட்டுக் கையிலிருந்த சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். பதினோரு வருஷமாக அவர் கரும்பலகையில் படம் படமாக வரைந்து விளக்கியது இதைத்தான். விளங்கியது இன்றைக்குத்தான், அதுவும் அவருக்கு.

கார்டில் தேடியாயிற்று, சீட்டில் நம்பர் எழுதியாயிற்று. மேசையில் கொடுத்தால் ஏதாவது ஒன்று கைக்கு வர வேண்டாமா? சங்கம் ஆறு கித்தாக் கட்டைகளைப் புத்தக அளவில் அறுத்து, பிரவுன் தாள் சுற்றி, முதுகில் நம்பர் ஒட்டியது. எந்தப் புத்தகம் கேட்டாலும் பியாட்ரிஸ் ஒரு கட்டையை எடுத்து, நம்பரை மாற்றி ஒட்டி, தேதி சாப்புக் குத்தி, "ரெண்டு வாரம்," என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொல்வாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கருப்பம்மாள் தன் கட்டையை பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்து, பதினான்காம் நாள் சேலைத் தலைப்பால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். மாயாண்டி ஒரு நாள் தாமதம். அவரை எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வைத்தாள் பியாட்ரிஸ்.

நூலகத்தில் கிசுகிசுவென்றுதான் பேச வேண்டும் என்பது கடைசிப் பாடம். அதுதான் கஷ்டமான பாடம். நெரைக்கு நெரை கூப்பிட்டுப் பழகிய தொண்டைகள். கருப்பம்மாள் கிசுகிசுத்தால் பக்கத்துக் கோயில் வரைக்கும் கேட்டது. ஆனால் விடவில்லை, பால் எடுக்கும்போதெல்லாம் மரத்திடம் பேசிப் பழகினாள்.

ஜூன் மாதம் முதல் ஞாயிறு, நாற்பத்து மூன்று பேரும் கல்யாணத்துக்குப் போவது போல உடுத்திக்கொண்டு லாரியில் ஈப்போ வந்து இறங்கினார்கள். மிஸ் இசபெல்லா வாசலில் நின்றார். நாற்பத்து மூன்று பேரும் சத்தமில்லாமல் உள்ளே போய், சத்தமில்லாமல் சுற்றிப் பார்த்து, டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் ஜெயபாலன் பயிற்சிக் கார்டுப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். எடுத்து முடித்ததும் பெட்டியை அங்கேயே ஒரு மேசைமேல் வைத்தார். தலைவர் எடுத்துவருவார் என்று செயலாளர் லாரி ஏறினார். செயலாளர் எடுத்துவருவார் என்று தலைவர் கார் ஏறினார். வகுப்புகள் முடிந்துவிட்டதால் பெட்டியை யாரும் தேடவுமில்லை.

அந்த நூலகத்தில் சீனி என்றொரு உதவியாளர் இருந்தார். இருபது வருஷ அனுபவம். ஒரு கார்டு இடம் மாறிக் கிடந்தால் சாப்பாடு இறங்காதவர். திங்கட்கிழமை காலையில் மேசைமேல் ஒரு பெட்டியைக் கண்டார். உள்ளே பியாட்ரிஸ் கையால் எழுதிய அறுபது தமிழ்க் கார்டுகள். மூடிப்போன ஒரு தோட்டத்துக் கிளப்பிலிருந்து போன மாதம்தான் பெட்டி பெட்டியாகத் தமிழ்ப் புத்தகங்கள் வந்திருந்தன. 'பாவம், பியாட்ரிஸ் எழுதி வச்சிட்டு, அடுக்க நேரமில்லாம லீவுல போயிட்டா,' என்று சீனி முடிவு செய்தார். பியாட்ரிஸ் அன்றுதான் கமுந்திங்கிற்கு, அக்காவின் பிரசவத்துக்கு, ஏழு வார லீவில் போயிருந்தாள். சீனி அன்று மத்தியானமே அறுபது கார்டுகளையும் நிஜக் கார்டுகளுக்கு நடுவே, ஒரு புள்ளி பிசகாமல், அதனதன் இடத்தில் செருகினார். அவருடைய வாழ்க்கையிலேயே மிகச் சுத்தமான வேலை அதுதான்.

அதன் பலன் ஜூலையில் தெரிந்தது.

ஒரு மத்தியானம் ஆம்புரோஸ் பள்ளி நூலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது கருப்பம்மாள் வந்து நின்றாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் ஒரு காகிதம்.

"வாங்கக்கா, என்ன இம்மாந் தூரம்?"

"தம்பி, நாங்க திருடனுங்களா?"

"யாருக்கா சொன்னா?"

"போர்டுல போட்டிருக்கு. உங்க மாயாண்டி அண்ணன் பாத்து எழுதிக்கிட்டு வந்தாரு." அவள் குரல் உயரவில்லை. பழகிய கிசுகிசுப்பிலேயே சொன்னாள். அதுதான் ஆம்புரோஸைப் பயமுறுத்தியது. "மூணு ஞாயித்துக்கிழம போனேன். கார்டப் பாத்தேன், நம்பர் எழுதினேன், மேசையில குடுத்தேன். 'அலமாரியில இல்ல, அடுத்த வாரம் வாங்க'ன்னாங்க. போனேன். இல்ல. மறுபடி போனேன். அன்னிக்கு அந்த மிஸ் எல்லாத்தையும் எண்ணியிருக்காங்க. அறுபது புத்தகம் காணோமாம். அறுபதும் நாங்க கேட்டதுதானாம். நாங்க வந்த நாளிலேருந்துதான் காணோமாம். எங்க நாப்பத்து மூணு பேரு டிக்கெட்டும் ரத்து. கட்டையக்கூட தொடச்சிக் குடுத்தவங்க நாங்க!"

ஆம்புரோஸ் காகிதத்தை வாங்கினார். காணாமல் போன புத்தகங்கள். ஒன்று: தொலைந்த மாட்டைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறைகள். இரண்டு: குறட்டை, காரணமும் நிவாரணமும். மூன்று: தோட்டத்துப் பாம்புகள்.

படித்துக்கொண்டே போனார். பத்தாவது தலைப்பில் காது சூடானது. இருபதாவதில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தான் பெற்ற அறுபது பிள்ளைகளும் ஒரே நாளில் பிடிபட்டுப் போலீஸில் பெயர் கொடுத்த மாதிரி இருந்தது.

அவசரச் செயற்குழு அன்று மாலையே தலைவர் வீட்டில் கூடியது. தலைவர் தம்மை வரவேற்க மறந்தார். நிலைமையின் தீவிரம் அவ்வளவு.

"செயலாளரே, ஜாமீன் போட்டது நாம. பொய்க் கார்டு நம்மளோடதுன்னு சொன்னா சங்கத்துக்கு இந்த ஈப்போவுல எவன் கதவத் தெறப்பான்? பதினோரு வருஷ மானம். பேசாம ஒரு தீர்மானம் போடுவோம். அடையாளம் தெரியாத நபர்களைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது."

"அந்த நபரு நான்தான், தலைவரே."

"அதனாலதான் அடையாளம் தெரியாதுன்னு போடச் சொல்றேன்."

"நாம பேசாம இருந்தா சங்கத்துக்கு மானம் மிஞ்சும். எட்டாங்கட்டையில நாப்பத்து மூணு பேருக்குத் திருட்டுப் பட்டம் மிஞ்சும். அவங்களுக்கு நாமதான் ஜாமீன்னு நான் கையெழுத்துப் போட்டேன்லா. ஜாமீன்னா என்ன அர்த்தம், தலைவரே?"

தலைவர் எழுந்தார். பேசப் போகிறார் என்று எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவரோ பேசாமல் மறுபடி உட்கார்ந்தார். தீர்மானம் கைவிடப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆம்புரோஸ் ஒரு கோணிச் சாக்கோடு கிந்தா வாசகர் நூலகத்துக்குள் போனார். கூடக் கருப்பம்மாளும் மாயாண்டியும். சாக்கிலிருந்து ஆறு கட்டைகளையும் எடுத்து மிஸ் இசபெல்லாவின் மேசைமேல் அடுக்கினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஆசை கேட்டது, தலைப்பு வைத்தது, பெட்டியை மறந்தது, பியாட்ரிஸின் எழுத்து, எதையும் விடவில்லை. நூலகம் என்பதால் பாவமன்னிப்புக் கூண்டில் சொல்வது போல மெதுவாகத்தான் சொன்னார்.

மூலையில் நின்ற சீனி முன்னால் வந்தார். "ஒழுங்கா அடுக்கினேனே, மிஸ்," என்றார்.

"ரொம்ப ஒழுங்கா," என்றார் மிஸ் இசபெல்லா. அவர் குரல் இதற்கு மேல் தாழ முடியாத இடத்துக்குப் போயிருந்தது. "மிஸ்டர் ஆம்புரோஸ், இல்லாத புத்தகத்துக்கு நான் மூணு நாள் அலமாரி அலமாரியா தேடினேன். பின்னால விழுந்திருக்குமோன்னு ஏணி போட்டு ஏறினேன்."

"தப்பு என்னோடது, மிஸ். சங்கத்த வேணும்னா வெளிய தள்ளுங்க. இவங்க டிக்கெட்டக் குடுத்திருங்க."

"அம்மா," என்று கருப்பம்மாள் கிசுகிசுத்தாள். மூன்று மாதப் பயிற்சியின் முழுப் பலனும் அந்தக் கிசுகிசுப்பில் இருந்தது. பக்கத்து மேசையில் பத்திரிகை படித்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இல்லாத புத்தகத்த நீங்க ஏணி போட்டுத் தேடினீங்க. நாங்க ரெண்டு பஸ் ஏறித் தேடினோம். ஒங்களுக்கு மூணு நாளு, எங்களுக்கு மூணு வாரம். கோவம் யாருக்கு வரணும்? ஆனா நான் கோவப்படல. கார்டுல தேடினது சரியா? சரி. நம்பர் எழுதினது சரியா? சரி. சத்தம் போட்டமா? இல்ல. அப்பறம் போர்டுல எதுக்கு எங்க தோட்டத்துப் பேரு?"

மிஸ் இசபெல்லா இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுச் சீட்டை எடுத்தார். வாசகர்கள் புத்தகம் கேட்டு எழுதிய சீட்டுகள். ஒவ்வொன்றாகப் புரட்டினார். நம்பர், தலைப்பு, பெயர், டிக்கெட் எண் எல்லாம் கோணல் எழுத்தில், அந்தந்தக் கட்டத்துக்குள், ஒரு பிழையில்லாமல் இருந்தன. 636.2 மட்டும் முப்பத்தோரு சீட்டு.

"இந்த நூலகத்துல ஒரு தமிழ்ப் புத்தகத்த முப்பத்தோரு பேரு கேட்டதே இல்ல," என்றார், யாரிடமும் சொல்லாதது போல. "ஈப்போக்காரங்க நம்பர தப்பாத்தான் எழுதுவாங்க."

ஆம்புரோஸின் நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது. அப்போது அது மரியாதையில்லை என்பதால் மறுபடி சுருக்கிக்கொண்டார்.

மிஸ் இசபெல்லா எழுந்து போய் போர்டிலிருந்த பட்டியலின் தலைப்பை அடித்துவிட்டு, தன் கையாலேயே வேறு எழுதினார்: 'கீழ்க்கண்ட அறுபது புத்தகங்களும் காணாமல் போகவில்லை. இன்னும் எழுதப்படவில்லை. எட்டாங்கட்டைத் தோட்டத்து வாசகர்களிடம் நூலகம் வருத்தம் தெரிவிக்கிறது.' கையெழுத்துப் போட்டு, நூலகத்தின் சாப்பையும் குத்தினார். அந்தச் சாப்பில் எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"டிக்கெட்ட எல்லாம் திருப்பித் தரேன். ஆனா மிஸ்டர் ஆம்புரோஸ், கார்டு இருந்து புத்தகம் இல்லைன்னா அந்தக் கார்டு பொய். என் பெட்டியில பொய் இருக்கக் கூடாது. அறுபதையும் பிடுங்கிடுவேன்."

"பிடுங்காதீங்கம்மா," என்றாள் கருப்பம்மாள். "ஒரு கார்ட விடுங்க. புத்தகம் வந்துட்டா?"

"எங்கேருந்து வரும்?"

"அதுல எழுதியிருக்கே, நிபுணர் குழுன்னு. பதிமூணு மாடு தொலச்ச தோட்டம் அது. எங்களவிட நிபுணன் எவன் இருக்கான்?"

மாயாண்டி முதல்முறையாக வாய் திறந்தார். "பதினாலு. எங்க மச்சான் காளைய விட்டுட்ட."

மிஸ் இசபெல்லா யோசித்தார். "டிசம்பர் வரைக்கும் ஒரு கார்டு இருக்கும். ஆனா கார்டுல என்ன இருக்கோ அதுதான் வரணும். நூத்திப் பன்னண்டு பக்கம். படங்களுடன்."

'ஐம்பதுன்னு போட்டிருக்கலாமே' என்று ஆம்புரோஸ் தன்னைத் தானே திட்டிக்கொண்டது சரித்திரத்தில் பதிவாகவில்லை.

ஆகஸ்டிலிருந்து சங்கத்தின் வேலைத்திட்டம் இதுவாகவே இருந்தது. ஞாயிறுதோறும் கொட்டகையில் நிபுணர் குழு கூடும். மாடு தொலைத்த ஒவ்வொருவரும் சொல்ல, ஆம்புரோஸ் எழுதுவார். மணிச் சத்தம் மழைநாளில் எந்தப் பக்கமிருந்து வருவது போலக் கேட்கும், ஆனால் நிஜமாக எந்தப் பக்கமிருந்து வரும். பக்கத்துத் தோட்டத்து ஜாகாவிடம், அதாவது காவல்காரரிடம், என்ன சொல்லிக் கேட்க வேண்டும், என்ன சொல்லிக் கேட்கவே கூடாது. குளம்புத் தடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் மாடு போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். முதல் அத்தியாயம் கருப்பம்மாளுடையது: 'தேடி நேரத்தை வீணாக்கக் கூடாத இடங்கள்.' பதினெட்டுப் பக்கம். பத்து மாதத் தேடலின் சாரம்.

"கெடைக்காத மாட்டப் பத்தி நீ எழுதற, இது என்னா நியாயம்?" என்று மாயாண்டி சீண்டினார்.

"கெடச்சவனுக்கு ஒரு எடந்தான் தெரியும், அண்ணே. எனக்கு இந்த சில்லாவே தெரியும்லா."

மாயாண்டி குளம்புத் தடங்களைக் கரித்துண்டால் வரைந்தார். லீவு முடிந்து வந்த பியாட்ரிஸ், நடந்ததைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்டென்சிலில் எழுதினாள். பள்ளியின் சுற்றும் அச்சு யந்திரத்தில் தலைமையாசிரியரின் அனுமதியோடு ஓட்டினார்கள். நவம்பர் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நூற்றுப் பத்துப் பக்கம். இரண்டு குறைந்தது.

"ரெண்டு வெள்ளத் தாள் செருகினா என்ன?" என்றார் ஒருவர்.

"வெள்ளத் தாளு பொய்," என்றாள் கருப்பம்மாள். மிஸ் இசபெல்லாவின் குரல் அப்படியே அவளிடம் வந்திருந்தது.

தலைவர் ஜெயபாலன் தொண்டையைக் கனைத்தார். தாம் ஒரு முன்னுரை வழங்கத் தயாராக இருப்பதாகச் சொன்னார். இருபது பக்கம் வைத்திருந்தார். சங்கத்தின் வரலாற்றிலேயே மிகக் கடினமான பணி அதை இரண்டு பக்கமாக்கியதுதான். பியாட்ரிஸ் அதையும் செய்தாள். முன்னுரையில் தலைவர் தம்மை வரவேற்றிருக்கிறார். படிக்கலாம்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு லாரி மறுபடி ஈப்போ வந்தது. பிரவுன் தாள் சுற்றிய புத்தகத்தைக் கருப்பம்மாள் மேசைமேல் வைத்தாள். பார்வைக்குக் கட்டையைப் போலவே இருந்தது. மிஸ் இசபெல்லா பக்கத்தை எண்ணினார். எல்லாவற்றையும் எண்ணினார். படங்களைப் பார்த்தார். கார்டை வரவழைத்து ஒப்பிட்டார். பிறகு முதுகில் 636.2 என்று ஒட்டிச் சீனியிடம் கொடுத்தார். சீனி அதை இரண்டு கையாலும் வாங்கி, அலமாரிக்குக் கொண்டுபோய், அதன் நெரையில் நிறுத்தினார். போர்டிலிருந்த பட்டியலில் முதல் வரியைச் சிவப்பு மையில் அடித்தார்கள்.

கருப்பம்மாள் அலமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கார்டுப் பெட்டிக்குப் போனாள். இழுத்தாள், புரட்டினாள், நம்பரைச் சீட்டில் எழுதினாள், மேசைக்கு வந்து நீட்டினாள்.

"உங்க புத்தகம்தானேக்கா, அலமாரியில இருக்கறத நேரா எடுக்கலாமே," என்று ஆம்புரோஸ் கிசுகிசுத்தார்.

"மொறன்னு ஒண்ணு இருக்கில்ல, தம்பி," என்றாள் அவள்.

மிஸ் இசபெல்லா சீட்டைப் படித்தார். சீனி போய் எடுத்துவந்தார். தேதி சாப்பு விழுந்தது. "ரெண்டு வாரம்," என்றார் மிஸ் இசபெல்லா. அவர் உதட்டோரம் லேசாக அசைந்ததைச் சீனி பார்த்ததாகச் சொல்கிறார். இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவையாம்.

கருப்பம்மாளுக்குப் பின்னால் முப்பது பேர் சீட்டோடு வரிசையில் நின்றார்கள். ஒரு சத்தமில்லை.

1980 ஜனவரி ஆண்டுக் கூட்டத்துக்கு எட்டுப் பேர் வந்தார்கள். எட்டாவது உறுப்பினர் மிஸ் இசபெல்லா. பதவிக்கு ஆள் சரியாகிவிட்டதால், வரவேற்புக் குழுத் தலைவர் பதவி அவருக்குப் போனது. அவர் எழுந்து, "தலைவரே, வாங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஜெயபாலனுக்கு அது கேட்கவேயில்லை என்று பேச்சு.

ஆம்புரோஸ் ஆண்டறிக்கையைப் படித்தார். "இவ்வாண்டு சங்கம் நாற்பத்து மூன்று பேருக்கு நூலகப் பயிற்சி அளித்தது. காணாமல் போன புத்தகம் எதுவுமில்லை. கிடைத்த புத்தகம் ஒன்று. முப்பத்தோரு பேர் வரிசையில் இருப்பதால், அது நூலக அலமாரியில் இன்றுவரை ஒருநாள்கூட நின்றதில்லை."

பிறகு பையிலிருந்து சாப்பை எடுத்து, மையில் தோய்த்து, அறிக்கையின் அடியில் ஓங்கிக் குத்தினார். கறுப்பு வடை விழுந்தது. அவர் கண்ணுக்கு ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது.